227இலிருந்து 983க்கு மூன்றே படி

அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கச் சத்யப்பிரியாவுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவள் அலைந்தது ஒன்றரை வருடம். இன்னும் அலைச்சல் முடிந்தபாடில்லை.

அவளுக்கு வயது முப்பத்தாறு. அரியலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வீடு. கணவன் அறிவரசன் டிப்பர் லாரி ஓட்டுகிறான். சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றி சிமெண்ட் ஆலையில் கொட்டிவிட்டு வருவது வேலை. அவளுடைய அப்பா பூமாலை காலமெல்லாம் அடுத்தவர் வயலில் இறங்கிப் பாடுபட்டவர். மகளை எம்.எஸ்சி. கணிதம் படிக்க வைத்தார். பி.எட்.டும் முடித்தாள். அந்த வம்சத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்ற முதல் ஆள் அவள்தான். உடையார்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கணக்கு நடத்துகிறாள். அரசுப் பள்ளி வேலைக்கான தேர்வைப் போன வருடத்துக்கு முன்பே மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்று முறையும் கிட்டத்தில் போய் நின்றாள்.

தினமும் காலை ஏழு நாற்பது பஸ். ஊரைத் தாண்டினால் சாலை முழுக்க லாரிதான். முன்னால் நாலு டிப்பர் வரிசையாகப் போனால் பஸ் அவற்றின் பின்னாலேயே ஊர்ந்தாக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். செல்போனைப் பார்த்தால் தலை சுற்றும். பார்ப்பதற்கு லாரிகளின் பின்புறத்தில் எழுதியிருக்கும் எண்கள் மட்டும்தான் மிச்சம். அப்படி ஆரம்பித்ததுதான் அவளுடைய விளையாட்டு.

பகா எண் என்றால் என்னவென்று எல்லோரும் பள்ளியில் படித்ததுதான்: ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். முன்னால் போகிற லாரியின் எண் பகா எண்ணாக இருந்தால் அங்கே தொடங்குவாள். அதில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றுவாள். மாற்றியதும் பகா எண்ணாகவே வர வேண்டும். பிறகு இன்னொரு இலக்கம். இப்படியே படிப்படியாகப் போய் எதிரே வரும் ஒரு லாரியின் எண்ணைத் தொட வேண்டும். 4021 என்று முன்னால் போனால், கடைசி இலக்கத்தை மாற்றி 4027. அதில் நூறுகள் இடத்தை மாற்றி 4127. அங்கிருந்து 4129. சில நாள் வழியிலுள்ள தத்தனூர் வருவதற்குள் சங்கிலி முடிந்துவிடும். சில நாள் ஒரு எண்ணில் வந்து மாட்டிக்கொள்வாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மூன்றாலோ ஏழாலோ வகுபட்டுவிடும். பள்ளியில் இறங்கி வருகைப் பதிவு எடுக்கும்போதும் மனம் அந்த எண்ணிலேயே நிற்கும். இத்தனை வருடத்தில், ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டு பகா எண்களும் அவளுக்குத் தெருவிலுள்ள வீடுகள் மாதிரி ஆகிவிட்டன. எது எதற்குப் பக்கத்து வீடு என்று யோசிக்காமலே சொல்வாள்.

போன வருடம் பிப்ரவரியில் நான்காவது தேர்வு. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் மையம் போட்டிருந்தார்கள். நூற்றைம்பது கேள்வி. எளிதும் கடினமும் கலந்த, சுமாரான வினாத்தாள். எண்பத்தேழாவது கேள்வியைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வைக்கு நின்ற பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாளாம்.

“227 என்ற பகா எண்ணை, ஒரு நேரத்தில் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு படியிலும் மூன்றிலக்கப் பகா எண்ணே கிடைக்குமாறு 983 ஆக மாற்றக் குறைந்தபட்சம் எத்தனை படிகள் தேவை?” மூன்று, நான்கு, ஐந்து, இயலாது என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள்.

மூன்று இலக்கமும் வேறு வேறு. ஆகவே மூன்று படிக்குக் குறைவாக முடியாது. மூன்றில் முடியுமா என்பதுதான் கேள்வி. முதல் இலக்கத்தை மாற்றினால் 927, மூன்றால் போய்விடும். நடு இலக்கத்தை மாற்றினால் 287, ஏழும் நாற்பத்தொன்றும் பெருக்கினால் வருவது. கடைசி இலக்கத்தை மாற்றினால் 223. அது பகா எண். அங்கிருந்து 923 ஆகாது, பதின்மூன்றால் போகும். 283 ஆகும். 283இலிருந்து 983. மூன்றே படி. வட்டத்தைக் கறுப்பாக நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இளையபெருமாள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அதே பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவர். அவருக்கு நாற்பத்தொன்று. மதிய இடைவேளையில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு வருடமாகத் தேர்வுக்குப் படித்தவர்கள். இவளுக்கு இயற்கணிதம் பலம். அவருக்கு வடிவியல். நோட்டுகளை மாற்றிக்கொள்வார்கள்.

“எண்பத்தேழுக்கு என்ன போட்டீங்க மேடம்?”

“மூணு.”

அவர் முகம் சுருங்கியது. “நான் நாலு போட்டேன். 827, 887, 883, அப்பறம் 983ன்னு சரசரன்னு வந்துச்சு. மூணுல வருதா?”

அவள் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார். “அட, 223ஐ நானும் பாத்தேன் மேடம். 923 பதிமூணுல அடிபட்டுச்சா, அந்தப் பக்கமே போவ வேணாம்னு திரும்பிட்டேன். 283ஐ யோசிக்கவே இல்ல.” தலையில் தட்டிக்கொண்டார். “சரி, ஒரு மார்க் போச்சு.”

அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

மூன்று வாரம் கழித்துத் தற்காலிக விடைக்குறிப்பு இணையத்தில் வந்தது. சத்யப்பிரியா ஸ்டாப் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். எண்பத்தேழு: விடை, நான்கு. தவறாகப் பார்த்துவிட்டோமோ என்று விரலை வைத்து மறுபடி பார்த்தாள். நான்குதான். நூற்றைம்பது கேள்வியில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதைத்தான் தப்பு என்று போட்டிருந்தார்கள்.

இளையபெருமாளும் பார்த்துவிட்டார். அவருக்கு வந்த சந்தோஷத்தை அடக்கத் தெரியவில்லை. அடக்காமல் இருக்கவும் கூச்சமாக இருந்தது. “கேள்வி எடுத்தவனும் என்னை மாதிரியே 223ல திரும்பிட்டான் போலருக்கு,” என்றார்.

“ஆட்சேபம் போடப்போறேன் சார்.”

“போடுங்க மேடம். நியாயம்தானே?” என்றார் அவர்.

ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் கெடு. இணையத்தில்தான் பதிய வேண்டும். கேள்வி எண், நீங்கள் சரி என்று கருதும் விடை, அதற்கு ஆதாரமான நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, பக்க எண், அந்தப் பக்கத்தின் நகல். இதெல்லாம் இருந்தால்தான் அனுப்பும் பொத்தான் வேலை செய்யும். சத்யப்பிரியா ஒரு வெள்ளைத்தாளில் மூன்று படிகளையும் எழுதி, ஒவ்வொரு எண்ணும் ஏன் பகா எண் என்று வகுத்துக் காட்டி, அதைப் படமெடுத்து ஏற்றினாள். பக்க எண் கட்டம் காலியாக இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் வந்தது. உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் எடுத்தார்.

“எந்தப் புக்குல இருக்கு மேடம்?”

“எந்தப் புக்குலயும் இந்தக் கேள்வி இருக்காதுங்க சார். வகுத்துப் பாத்தாலே தெரியும். 223 பகா எண், 283 பகா எண்…”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பாடப்புத்தகம் இல்லன்னா பெரிய ஆத்தர் எழுதுன புக்கா இருக்கணும். கைடு, நோட்ஸ், கையில எழுதுனது எதுவும் ஏத்துக்க மாட்டாங்க.”

“கணக்குல செஞ்சு காட்டுறதுதானே சார் ஆதாரம்?”

“பக்க எண் இல்லாம சப்மிட் ஆவாது மேடம். வேற எதாவது உதவி வேணுங்களா?”

வேறு என்ன உதவி? போனை வைத்துவிட்டு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தான் படித்த கல்லூரிக்குப் போனாள். துறைத் தலைவர் அவளுக்குப் பாடம் எடுத்தவர் இல்லை. புதிதாக மாற்றலாகி வந்தவர். தாளை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து இரண்டு எண்களை வகுத்தார்.

“உங்க கணக்கு சரிம்மா. இதுல சந்தேகத்துக்கே இடமில்ல.”

“அதையே உங்க லெட்டர்பேடுல ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா…”

பேனாவை மூடினார். “அது முடியாதும்மா. நாளைக்கு இந்த ஆட்சேபத்தைப் பாக்கற கமிட்டிக்கே என்னையக் கூப்பிடுவாங்க. நான் எழுதிக் குடுத்தேன்னு தெரிஞ்சா நல்லாருக்காது. லைப்ரரில எண்ணியல் புக்கு இருக்கு, பாத்துக்கங்க.”

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தின் பின்பக்கம் ஆயிரம் வரையிலான பகா எண்களின் பட்டியல் இருந்தது. பக்கம் 412. நகல் எடுத்து, 227, 223, 283, 983 நான்கின் கீழும் கோடு போட்டாள். அந்த ஏழு நாளில் கிடைத்த உருப்படியான ஒரே பொருள் அந்தத் தாள்தான்.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அறிவரசன் போன் பண்ணினான். சுரங்கத்தில் லோடுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தானாம்.

“சத்யா, நீ சொன்ன 223 இருக்குல்ல, அதைக் கால்குலேட்டர்ல போட்டு ரெண்டுலேருந்து ஒவ்வொண்ணா வகுத்துப் பாத்தேன். 222 வரைக்கும் போயிட்டேன். எதுலயும் போவல. நீ சொல்றதுதான் கரெக்ட்டு.”

“222 வரைக்குமா? பதினாலு வரைக்கும் பாத்தா போதும் மாமா. அதுக்கு மேல தேவையில்ல.”

“இதை மொதல்லயே சொல்லக்கூடாதா? ஒண்ணரை மணி நேரம் ஆச்சு எனக்கு,” என்றான். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

இதற்கிடையில் பெரம்பலூரில் அவளும் இளையபெருமாளும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்த பயிற்சி மையம் ஒரு கணிப்பு வெளியிட்டது. நடத்துபவர் கோகுலகிருஷ்ணன். எல்லாருடைய மதிப்பெண்ணையும் வாங்கி, போன தடவைக் கணக்கோடு ஒப்பிட்டு, கட்-ஆஃப் இவ்வளவு வரும் என்று சொல்வதில் அவருக்குப் பேர் உண்டு. சத்யப்பிரியாவும் இளையபெருமாளும் ஒரே இட ஒதுக்கீட்டுப் பிரிவு. அந்தப் பிரிவுக்குத் தொண்ணூற்றெட்டு என்றார். விடைக்குறிப்பின்படி இளையபெருமாளுக்குத் தொண்ணூற்றெட்டு. சத்யப்பிரியாவுக்குத் தொண்ணூற்றேழு. எண்பத்தேழாவது கேள்வியின் விடை மாறினால் அவள் தொண்ணூற்றெட்டு, அவர் தொண்ணூற்றேழு.

கெடு முடிவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், உடையார்பாளையம் பஸ் நிறுத்தத்தில் இளையபெருமாள் வந்து நின்றார். அவருடைய வீடு அந்தப் பக்கம் இல்லை.

“ஆட்சேபம் போட்டாச்சுங்களா?”

“இன்னிக்குப் போட்டுடுவேன் சார். பக்க எண் கெடைச்சிருச்சு.”

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “போடாம இருந்தா என்ன மேடம்?”

அவள் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“தப்புன்னு எனக்கும் தெரியும். மூணுதான் கரெக்ட்டு. ஆனா எனக்கு இது அஞ்சாவது தடவை. மொதத் தடவையா கட்-ஆஃபைத் தொட்டிருக்கேன். உங்களுக்கு இன்னும் வயசிருக்கு. நீங்க அடுத்த தடவை கண்டிப்பா பாஸ் ஆயிடுவீங்க. என்னால இனிமே முடியும்னு தோணல.”

“சார், நாளைக்கு நீங்க கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல நின்னு பகா எண் நடத்துவீங்க. யாராவது ஒரு புள்ள இந்தக் கணக்குக்கு மூணுன்னு எழுதுனா என்ன மார்க் போடுவீங்க?”

“புள்ளைக்கு முழு மார்க்கும் போட்டுடுவேன். எனக்குத்தான் போட ஆள் இல்ல,” என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார்.

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

வழியெல்லாம் யோசித்தாள். இதை நியாயத்துக்காக மட்டும் செய்கிறோம் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அந்த ஒரு மார்க் வேண்டும். நிலைமை தலைகீழாக இருந்து, விடைக்குறிப்பு தவறாக அவளுக்குச் சாதகமாக இருந்திருந்தால்? அப்போதும் இளையபெருமாள் சாருக்காக ஆட்சேபம் போட்டிருப்பாளா? ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் 223ஐயும் 283ஐயும் தெரிந்துகொண்டே இல்லையென்று சும்மா இருக்கவும் முடியவில்லை. வீட்டுக்குப் போனதும், பையைக்கூடக் கழற்றாமல், பக்கம் 412ஐ ஏற்றிப் பொத்தானை அழுத்தினாள். பதிவு எண் ஒன்று வந்தது. அதைப் பள்ளியில் படிக்கும் மகளின் பழைய நோட்டு அட்டையில் எழுதிவைத்தாள்.

ஜூன் மாதம் இறுதி விடைக்குறிப்பு வந்தது. எண்பத்தேழுக்கு எதிரே விடை இல்லை. “வினா நீக்கப்பட்டது. அனைவருக்கும் ஒரு மதிப்பெண் வழங்கப்படுகிறது” என்று இருந்தது.

முதலில் அவளுக்கு நிம்மதிதான். அவளுக்கும் தொண்ணூற்றெட்டு ஆகிவிட்டது. இளையபெருமாளின் தொண்ணூற்றெட்டும் அப்படியே இருக்கிறது. யாருக்கும் கெடுதல் இல்லாமல் முடிந்துவிட்டது என்று நினைத்து, அவரிடம் சொல்ல ஸ்டாப் ரூமுக்கு ஓடினாள். அவரும் சிரித்தார். இரண்டு மாதமாக வேறு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்குத் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தார்.

அந்தச் சந்தோஷம் ஒன்பது நாள் நீடித்தது. பத்தாம் நாள் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது. அவர்கள் பிரிவில் கட்-ஆஃப் தொண்ணூற்றொன்பது.

எல்லோருக்கும் ஒரு மார்க் என்றால், ஏற்கெனவே நான்கு என்று எழுதி மார்க் வாங்கியவர்களுக்கு அதில் கூடுதலாக எதுவும் இல்லை. மூன்று என்று எழுதியவர்கள், ஐந்து என்று எழுதியவர்கள், முடியாது என்று எழுதியவர்கள், தெரியாமல் எதையோ கறுப்படித்தவர்கள் எல்லோரும் ஒரு படி ஏறிவிட்டார்கள். வரிசையே ஒரு படி நகர்ந்தது. இளையபெருமாள் நின்ற இடத்தில் நின்றபடியே வரிசைக்கு வெளியே போய்விட்டார். சத்யப்பிரியா ஒரு படி ஏறியும் வெளியேதான் இருந்தாள்.

அவர் சத்தம் போடவில்லை. பட்டியலை அச்சடித்துக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

“பழைய விடை அப்படியே இருந்திருந்தா தொண்ணூத்தெட்டுலயே நின்னிருக்கும் மேடம். நான் உள்ள போயிருப்பேன். உங்களுக்கும் ஒண்ணும் கெடைக்கல. எதுக்காகச் செஞ்சீங்க?”

“நான் நீக்கச் சொல்லல சார். மூணுன்னு திருத்தத்தான் கேட்டேன்.”

“தெரியும்,” என்றார். “ஆனா நடந்தது இதுதானே?”

அவர் சொன்னது தப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை அரித்தது. தான் செய்தது தப்பு என்றும் நினைக்க முடியவில்லை. சரியான விடையையே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? ஆயிரமா, பத்தா? அது தெரிந்தால் கட்-ஆஃப் எங்கே நின்றிருக்கும் என்று கணக்குப் போடலாம். தெரியாமல் எதையும் போட முடியாது.

ஜூலையில் ஒருநாள் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போனாள். தேர்வு நடத்திய அலுவலகத்தில் வாசலில் பெயர் எழுதி, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, மூன்று மணிக்குத்தான் ஒரு அதிகாரியைப் பார்க்க முடிந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிற மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவளை உட்காரச் சொன்னார். தாளை வாங்கினார். கால்குலேட்டரை இழுத்து வைத்து, அவள் சொல்லச் சொல்ல வகுத்துப் பார்த்தார்.

“சரியாத்தாம்மா இருக்கு.”

“அப்ப ஏன் சார் நீக்கினீங்க?”

“நான் எங்க நீக்கினேன்? வல்லுநர் குழு முடிவு அது. மூணு பேர். அதுல ரெண்டு பேர் உங்களை மாதிரி மூணுன்னுட்டாங்க. கேள்வி எடுத்தவரு விடல. இலக்கத்தை எடப்பக்கத்துலேருந்து வரிசையாத்தான் மாத்தணும், அப்படிப் பாத்தா நாலுதான் வரும்னு நின்னுட்டாரு.”

“வரிசையா மாத்தணும்னு கேள்வியில இல்லையே சார்?”

“இல்லதான். அதனாலதான் கேள்வி தெளிவா இல்லன்னு நீக்கிட்டாங்க.”

“கேள்வி தெளிவாத்தான் சார் இருக்கு. இல்லாத வார்த்தைய இருக்குன்னு அவரு சொன்னா, அதுக்காகக் கேள்வி எப்படித் தெளிவில்லாம போவும்?”

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். “நீங்க கேக்கிறது நியாயம்தாம்மா. ஆனா அபிப்பிராயம் ரெண்டு விதமா வந்துட்டா, யாருக்கும் பாதகம் இல்லாம ஒரு முடிவு எடுக்கணும்ல?”

“223ஐ எதுவும் வகுக்காது சார். இதுல அபிப்பிராயம்னு என்ன இருக்கு? பாதகம் இல்லன்னு சொல்றீங்க. எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தர் இதால வேலைய இழந்துட்டு உக்காந்திருக்காரு. அவரு நாலுன்னு போட்டவரு. நான் மூணுன்னு போட்டவ. ரெண்டு பேருக்கும் இல்ல.”

அவர் தபால் பிரிவில் மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். எழுந்திருக்கும்போது, “நான் சரின்னு சொன்னேன்னு எங்கயும் எழுதிடாதீங்க,” என்றார்.

அன்று திரும்பி வரும் ரயிலில் விழுப்புரம் தாண்டும் வரை அவள் அழுதாள். துக்கத்தில் அல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு வந்த அழுகை அது. எதிரில் இருந்த அம்மாள் என்னவென்று கேட்டாள். என்னவென்று சொல்வது? ஒரு எண்ணைப் பற்றி என்று எப்படிச் சொல்வது? “தலைவலிங்க” என்றாள்.

அதன்பின் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டாள். எண்பத்தேழாவது கேள்விக்கு எத்தனை பேர் என்ன விடை எழுதினார்கள், வல்லுநர் குழுவின் அறிக்கை நகல் கிடைக்குமா, அந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று அலுவலகம் கருதுவது என்ன, இதையெல்லாம் கேட்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் கழித்துப் பதில் வந்தது. அவ்வாறான தகவல் தொகுக்கப்படவில்லை. அறிக்கை ரகசியமானது. மூன்றாவதற்கு வந்த பதிலை அவள் மனப்பாடமாகவே சொல்வாள்: “மேற்படி வினா நீக்கப்பட்டுவிட்டபடியால் அதற்கு விடை என்று ஏதும் இல்லை.”

“கேள்விய எடுத்துட்டா விடையும் இல்லாமப் போயிடுமா?” என்று அறிவரசனிடம் கேட்டாள்.

“விடு சத்யா. எவ்வளவு நாளைக்கு இதையே பிடிச்சிட்டு இருப்ப? அவங்க ஆயிரம் கேள்வி நீக்குறாங்க.”

“மாமா, நீங்களே 222 வரைக்கும் வகுத்துப் பாத்தவருதானே?”

மேல்முறையீட்டு மனுவைத் தபாலில் சேர்க்க அவனே எடுத்துக்கொண்டு போனான்.

முதல் மேல்முறையீட்டுக்கும் அதே பதில்தான் வந்தது, வேறு கையெழுத்தோடு. இரண்டாவது மேல்முறையீட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

பள்ளியில் காலாண்டு விடுமுறை முடிந்து திறந்தபோது இளையபெருமாள் வரவில்லை. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்குப் போய்விட்டதாகத் தலைமை ஆசிரியை சொன்னார். போகும்போது இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய ஒன்பது, பத்தாம் வகுப்புகளும் சத்யப்பிரியா தலையில் விழுந்தன. அலமாரியைத் திறந்தால் அவருடைய வடிவியல் நோட்டு இருந்தது, அழகான கோடுகளோடு. அதை வைத்துத்தான் பாடம் நடத்தினாள். அந்த வருடம் பத்தாம் வகுப்பில் கணக்கில் யாரும் தவறவில்லை. பிள்ளைகள் நன்றாக எழுதினதற்கு அவளைப் பாராட்டினார்கள். மேடையில் நின்றபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. பாதி பாராட்டு கும்பகோணத்துக்குப் போக வேண்டியது.

இந்த வருடம் ஜூலையில் அடுத்த தேர்வுக்கு அறிவிப்பு வந்தது. அவள் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. திரையில் இளையபெருமாள் பெயர். பத்து மாதமாகப் பேச்சே இல்லை. எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து, நின்றுபோகும் சமயத்தில் எடுத்தாள்.

“மேடம், நல்லா இருக்கீங்களா? ஒரு சந்தேகம். உங்க இயற்கணிதம்தான். வளையத்துல சீர்மம், அதான் ஐடியல், அதைப் பத்தி ஒரு கணக்கு. ரெண்டு நாளா வர மாட்டேங்குது. உங்களைத் தவிர வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல.”

“சொல்லுங்க சார்.”

அவர் கணக்கைப் படித்தார். அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு இடத்தில் அவர் குறுக்கே கேள்வி கேட்டார். ஒரு இடத்தில் அவளே தடுமாறி, அவர் எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் அவள் தாளை மடித்து வைத்தாள்.

“அப்ப உங்க மேல கோபமா இருந்துச்சு மேடம்,” என்றார். “இப்ப யார் மேலன்னே தெரியல. ஆனா இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான் சார்.”

“அப்ளை பண்ணிட்டீங்களா?”

“இல்ல. எதுக்குன்னு தோணுது.”

“எனக்கும் தோணுது. பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வெச்சிடறேன் மேடம், ட்யூஷன் புள்ளைங்க வந்துருச்சு.”

புதன்கிழமை வரை அவள் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. வியாழக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் உட்கார்ந்தாள். பெயர், பிறந்த தேதி, படிப்பு, அனுபவம் பன்னிரண்டு வருடம் என்று ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டே போனாள். விசையை அவள் அடித்த வேகத்தைப் பார்த்து, மகள் பக்கத்தில் வராமல் தள்ளியே நின்றாள். அனுப்பி முடித்ததும் நிம்மதி எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அரிசி களைய எழுந்து போனாள்.

இரண்டாவது மேல்முறையீடு விசாரணை வரிசையில் இருப்பதாக இணையத்தில் காட்டுகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் பார்க்கிறாள். இதுவரை தேதி கொடுக்கவில்லை.